காலிக் கட்டம்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அம்மா, உன் மனைவி, குட்டி மூவரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தடவினேன் என்று சொன்னால் நம்பிவிடாதே. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்.

உங்கள் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. பதினான்கு பக்கம். பன்னிரண்டு படுக்கை, மூன்று நர்ஸ், வாரத்தில் இரண்டு நாள் தலைகாட்டும் டாக்டர், ஒரு சமையற்காரர், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். இவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி. ஆளுக்கு இரண்டு பக்கம் என்று பிரித்துப் படித்தாலும் இரண்டு பக்கம் மீதி நிற்கிறது.

போன வருடம் வரை வாரத்துக்கு ஒரு முறை தாளில் எழுதி மருந்து வேனில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஜனவரியிலிருந்து தினமும் போன். இனிமேல் அதையும் காலை பத்து மணிக்குள் செய்து, நோயாளிகள் எத்தனை, நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, டூட்டியில் யார் யார் என்று சொல்ல வேண்டுமாம். பத்து மணி என்பது எங்களுக்கு என்ன நேரம் தெரியுமா? கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் டாக்டர் கூப்பிடுவதும் ஒன்றாக வந்து தலையில் விழும் நேரம். அந்தப் பக்கம் போனை எடுப்பது நீ என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். நீயும் "வரிசை எண் சொல்லுங்க" என்று யாரோ எவரோ போலக் கேட்கிறாய். உன் மூக்கைத் துடைத்து வளர்த்தவள் நான், ஞாபகம் இருக்கட்டும்.

ஐந்தாம் பக்கத்தில் சிவப்பு வட்டம் என்று ஏதோ வருகிறதே, அது என்ன? எனக்குப் புரிகிற பாஷையில் எழுதி வியாழக்கிழமை மருந்து வேனில் கொடுத்துவிடு.

ஹாரன் அண்ணன் தன் பங்குக்கு நாலு வரி எழுதுவேன் என்று பக்கத்திலேயே நிற்கிறார். அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

தம்பி, நான் ஆம்புலன்ஸ் டிரைவர் எழுதறேன். நான் ஹாரனே அடிக்க மாட்டேன், உள்ள படுத்திருக்கிறவங்க பயந்துருவாங்க. அதுக்குத்தான் சிஸ்டர் எனக்கு ஹாரன்னு பேர் வச்சிருக்காங்க. எம்பக்கத்து வைப்பர்ல ரப்பரே இல்ல. மழை வந்தா ஒரு கையால ஓட்டி ஒரு கையால துணிய வச்சுத் தொடைக்கிறேன். ஆபீஸ்ல சொல்லி ஒரு வைப்பர் வாங்கிக் குடுங்க. புண்ணியமாப் போகும்.


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். தைல பாட்டில் நீ சொன்னது போலவே அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவளுக்கு அங்க உக்காந்துகிட்டே எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அதோடு தடவுவதாகச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் அறையில் சுவர் அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. முப்பத்தொரு சிற்றூர் ஆஸ்பத்திரிகளுக்கு முப்பத்தொரு வரிசை. உங்களுடையது பதினேழாவது. நீங்கள் போனில் சொல்லும் எண்ணை நான் அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். பத்து மணிக்குள் போன் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும். ஒரு கட்டம் இரண்டு நாள் தொடர்ந்து காலியாக இருந்தால், மூன்றாம் நாள் காலை யாரையும் கேட்காமல் எங்கள் வண்டி ஆறு சிலிண்டரும் ஒரு டாக்டருமாக அங்கே கிளம்பிவிட வேண்டும். என்ன ஆயிற்று என்று நேரில் பார்ப்பதற்காக. இது பழைய இயக்குநர் போட்ட விதி.

இந்த வருடம் புதிதாகச் சேர்த்ததுதான் எனக்குக் கவலை. ஒரு வருடத்தில் ஐந்து வட்டம் வாங்கும் ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். படுக்கைகளை எடுத்துவிட்டு, பகலில் மாத்திரை கொடுக்கும் இடமாக மாற்றிவிடுவார்களாம். ஜனவரி முதல் எண்ணுகிறார்கள். போன் கம்பி அறுந்த நாட்களையும் சேர்த்து உங்களுக்கு ஏற்கெனவே நான்கு. அக்கா, தயவுசெய்து கட்டத்தைக் காலியாக விடாதே.

போனில் நான் கறாராகப் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் பின்னால் முப்பது பேர் காத்திருக்கிறார்கள், என் பின்னால் துணை இயக்குநர் நிற்கிறார்.

ஹாரன் அண்ணனிடம் வைப்பருக்கு மனு போட்டாயிற்று என்று சொல். மூன்று பிரதிகள்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். இங்கும் எல்லோரும் நலம், படுத்திருக்கும் எட்டுப் பேரைத் தவிர. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் எழுது.

காலை ஒன்பதரைக்கே போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், பார்த்தாயா? நம் ஆஸ்பத்திரிப் படுக்கையை எவனும் தொட விட மாட்டேன். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். மூச்சு வாங்குகிறவனிடம் மாத்திரையைக் கொடுத்து, மூன்று மணி நேரம் பொறுத்துக்கொள் என்று சொல்ல என்னால் முடியாது.

பதினான்கு பக்கத்திலும் எனக்குப் பிடித்தது நீ சொன்ன அந்த விதிதான். நாங்கள் பேசவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு யாரோ கிளம்பி வருவார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதை மட்டும் வெட்டி வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஹாரன் அண்ணன் தினமும் ஒரு முறை அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுக்கிறார்.

அவருக்கு ஒரு மாதமாக இருமல். எக்ஸ்ரே எடுங்கள் என்றால் காது கேட்காதது போலப் போய்விடுகிறார்.

அன்புடன்,
அக்கா

தம்பி, சிஸ்டர் சும்மா பயமுறுத்துவாங்க. எனக்கு தூசு இருமல்தான். வைப்பர் வந்துச்சுன்னா சரியாயிடும், ஜன்னல மூடிக்கிட்டு ஓட்டலாம்ல. உங்க அறையில இருக்கிற பலகைய ஒரு நாள் வந்து பாக்கணும். பதினேழாவது எடத்துல நாங்க எப்படி இருக்கோம்னு பாக்கணும்.


ஆகஸ்டு 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அனைவரும் நலம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து அத்தைக்கு அனுப்பு என்று அடம் பிடித்தாள். உள்ளே இருக்கிறது, பயந்துவிடாதே.

வைப்பர் மனு திரும்பி வந்துவிட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று குறிப்பிடவில்லையாம். டிரைவர் பக்கம் என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "டிரைவர் பக்கம்னு படிவத்துல ஒரு பக்கமே கிடையாதுங்க" என்கிறார் அந்தப் பிரிவு எழுத்தர். மறுபடி மூன்று பிரதிகள் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் முதல் பதினேழாம் வரிசையில் ஒரு சிவப்பும் இல்லை. துணை இயக்குநரே பார்த்துவிட்டு, "உங்க அக்கா ஆஸ்பத்திரி தேறிடுச்சே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனை எக்ஸ்ரேவுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. அம்மா உன்னைக் கேட்கிறாள். இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அவசரமாக எழுதுவது. இங்கு நலம். உங்கள் பக்கம் புயல் அடித்துச் சின்னப் பாலம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். பதினாறாம் தேதி காலையிலிருந்து உன் போன் அடிக்கவில்லை. நீ பத்திரமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டடம் கல் மாதிரி. இருந்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

உன் கட்டத்தைப் பற்றி மட்டும் கவலைப்படாதே. அதை நான் பார்த்துக்கொண்டேன். ஐந்தாவது வட்டம் விழவில்லை. நேற்று மாலை துணை இயக்குநர் பலகை முன்னால் நின்றுகொண்டு, "பதினேழு என்னாச்சு?" என்றார். "ரிப்போர்ட் வந்துருச்சு சார்" என்றேன். அவரும் போய்விட்டார். படுக்கைகள் பிழைத்தன. மற்றதை நேரில் சொல்கிறேன்.

உங்களுக்கு அடுத்த ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்கும் போன் இல்லை. அவர்களுக்கு இரண்டு வட்டம் விழுந்து, விதிப்படி இன்று காலை வண்டி கிளம்பிவிட்டது. சுற்றுவழியாகப் போகிறது.

மருந்து வேன் என்றைக்கு ஓடுகிறதோ அன்றைக்கு இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும். உடனே ஒரு வரி எழுது.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அம்மா, உன் மனைவி, குட்டி நலமா?

பதினெட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் நேற்று மருந்து வேனில் வந்தது. படித்தேன்.

ஹாரன் அண்ணன் இறந்துவிட்டார். பதினெட்டாம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு. நுரையீரல் காய்ச்சல். அவருடைய மனைவியும் பெரிய மகளும் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. போன் கம்பி இன்னும் சரியாகவில்லை; சரியாகும் வரை, பத்தொன்பதாம் தேதியிலிருந்து, வட்டம் கிடையாது என்று உங்கள் உத்தரவு வேனில் வந்தது. ஒரு மரணம் நடந்திருப்பதால் விசாரணைக்கு அதிகாரி வருவாராம். வழக்கமான நடைமுறைதான்.

அம்மாவுக்கு மழைக்காலத்தில் முழங்கால் வலி கூடும். கம்பளிக் காலுறை போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அடியில் வழக்கம் போல நான்கு விரல் இடம் விட்டிருந்தாய். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வருடம் நான் வந்தபோது பஸ் நிறுத்தத்தில் எனக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தார். என் பெட்டியை ஆம்புலன்ஸில் படுக்க வைத்து மேலே போர்வை போர்த்தி, "நோயாளி பத்திரமா இருக்கார்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று சாப்பிடவில்லை.

இங்கு வேலை மிக அதிகம். பலகையைக் கணினிக்கு மாற்றப் போகிறார்கள், அதற்குப் பயிற்சி நடக்கிறது. காலாண்டு அறிக்கை வேறு. குட்டிக்குப் புதுப்பல் கோணலாக முளைக்கிறது. வைப்பர் மனு அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது. காலுறை வாங்கினேன், சாம்பல் நிறம். அம்மா கறுப்புதான் வேண்டும் என்கிறாள்.

போன் சரியாகிவிட்டது என்று அறிந்து மகிழ்ச்சி. நாளை முதல் உன் குரலைக் கேட்கலாம்.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

மூன்று வாரமாகத் தினமும் காலையில் போனில் எண்களைச் சொன்னேன், நீயும் எழுதிக்கொண்டாய். இருவரும் வேறெதுவும் பேசவில்லை. நேற்று முதல் சின்ன நர்ஸ்தான் போன் செய்கிறாள். காரணம் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பதினாறு, ஐந்து சிலிண்டர். பதினேழு, ஐந்து. பதினெட்டு, ஐந்து. "அஞ்சு சிலிண்டர் நிறைஞ்சு இருக்கும்போது ஒருத்தர் எப்படிம்மா மூச்சு முட்டிச் செத்தாரு?" என்று கேட்டார். பதினேழாம் தேதி இரவோடு கடைசி சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றேன். ஒரு குழந்தைக்கும் ஒரு வயதான அம்மாவுக்கும் அண்ணனுக்கும் போட்டதில் தீர்ந்தது, வார்டு நோட்டில் மணிவாரியாக எழுதியிருக்கிறேன் என்று காட்டினேன். "நோட்ட அப்புறமாக்கூட எழுதலாமே. தலைமை அலுவலகத்துக்கு அஞ்சுன்னு சொன்னது யாரு?" என்றார்.

பதினைந்தாம் தேதி காலை நான் போனில் சொன்ன எண் ஐந்து. அதற்குப் பிறகு போனே இல்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

விசாரணை முடியும் வரை வார்டுக்குள் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் என் குடியிருப்பில் இருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகக் காலை பத்து மணிக்கு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. பலகையில் பதினேழாம் வரிசையில் அந்த மூன்று நாளும் யார் எழுதியது?

அன்புடன்,
அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நலம். கடிதம் கிடைத்தது. இப்போது தணிக்கை நடப்பதால் விரிவாக எழுத முடியவில்லை. புதிய படிவத்தின் மாதிரி ஒன்று இணைத்திருக்கிறேன். அம்மா சாம்பல் நிறக் காலுறையையே போட்டுக்கொள்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பிறகு எழுதுகிறேன்.

தம்பி


டிசம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ "பிறகு எழுதுகிறேன்" என்று எழுதி ஐந்து வாரம் ஆகிறது. எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியை மறுபடி கேட்கப் போவதில்லை. அந்த மூன்று நாளில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். விசாரணைத் தாளில் இது வராது.

பதினாறாம் தேதி காலை அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியது. அவரை ஏற்றிக்கொண்டு போக ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது, ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் படுக்கையில் கிடந்தார். பதினேழாம் தேதி காலை சமையற்காரர் வந்து, "சிஸ்டர், நான் நடந்தே கூட்டுச்சாலைக்குப் போய் யாரையாச்சும் கூட்டிட்டு வரேன்" என்றார். வெளியே கணுக்கால் அளவு தண்ணீர். நான்தான் வேண்டாம் என்றேன். "இன்னைக்கோட ரெண்டு நாள் கட்டம் காலி. நாளைக்குக் காலைல ஆறு சிலிண்டரோட வண்டி வந்துரும். நீங்க போயிட்டா இவங்களுக்குக் கஞ்சி யார் வைக்கிறது?" என்று சொல்லி அடுப்படிக்கு அனுப்பினேன்.

அவர் போயிருந்தால் பதினெட்டாம் தேதி காலை கூட்டுச்சாலையில் நின்றிருப்பார். ஆற்றங்கரைக்குப் போன உங்கள் வண்டி அதே கூட்டுச்சாலையில்தான் திரும்பியது. அங்கிருந்து எங்களுக்கு எட்டு கிலோமீட்டர்.

பதினெட்டாம் தேதி காலை அண்ணன் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வண்டிச் சத்தம் முதலில் தன் காதில் விழ வேண்டுமாம். "வருவாங்க சிஸ்டர். தம்பி பலகையப் பாத்துட்டேதான இருப்பாரு" என்றார். பன்னிரண்டு மணி வரை பேசினார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். மூன்றரை.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று சமையற்காரர் கேட்கிறார், தெரியவில்லை. காலையில் எழுந்து சீருடையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுகிறேன். மாலையில் மடித்து வைக்கிறேன்.

நேற்று வைப்பர் வந்தது. டிரைவர் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா


டிசம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எங்கள் சுகத்தைப் பற்றி எழுத இந்த முறை கை வரவில்லை.

நான்தான் எழுதினேன். பதினாறாம் தேதி பத்து மணி அடித்தது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். ஐந்தாவது வட்டம். நீ இருபத்தாறு வருடமாகக் கட்டிக் காத்த பன்னிரண்டு படுக்கை. முந்தைய நாள் கட்டத்தில் ஐந்து என்று இருந்தது. அதையே பார்த்து எழுதினேன். ஒரு நாளில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். பதினேழிலும் அப்படியே, பதினெட்டிலும் அப்படியே. மற்ற முப்பது வரிசைக்கும் அதைச் செய்திருக்க மாட்டேன். நீ என் அக்கா என்பதால் செய்தேன்.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் சிலிண்டர் ஏற்றுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆறு. கட்டம் இரண்டும் காலியாக இருந்திருந்தால் அதே வண்டி முதலில் உங்களிடம்தான் வந்திருக்கும், நீங்கள்தான் பக்கம். உன் செப்டம்பர்க் கடிதத்தைப் படித்த உடனேயே எனக்கு இது புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் உனக்குக் காலுறை நிறத்தைப் பற்றி எழுதினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீ அதிகாரியிடம் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதையும் நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். விசாரணை தானாக அடங்கிவிடும், நீ திரும்ப வார்டுக்குப் போய்விடுவாய், என் வேலையும் போகாது என்று நாளைக் கடத்தினேன். உன் டிசம்பர்க் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நீ எப்போடா ஆபீசுக்குக் கிளம்பற?" என்று மட்டும் கேட்டாள். மணி ஒன்பது. கிளம்பினேன். நேராக இயக்குநர் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது.

என்னைப் பலகையிலிருந்து எடுத்துப் பழைய கோப்பு அறையில் போட்டிருக்கிறார்கள். விசாரணை இனி என் மேல். வேலை இருக்குமா தெரியாது. உன் மேல் இருந்ததை நீக்கி உத்தரவு போட்டுவிட்டார்கள், இந்தக் கடிதத்துக்கு முன்பே உனக்கு வந்து சேரும். சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். கட்டத்தை அந்த ஆஸ்பத்திரியைத் தவிர வேறு யாரும் நிரப்பக் கூடாது என்று. பலகை வேலையில் நான் கடைசியாகத் தட்டச்சு செய்தது அதுதான்.

செப்டம்பரிலிருந்து நீ எழுதிய கடிதங்களை நேற்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி, நான் நலம். அக்கா, அது எந்த நாளின் எண்? ஜூன் மாதத்து எண்ணையே நீயும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாயா?

என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் முன்னால் வந்து நிற்கவும் முகமில்லை.

தம்பி


ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான்                     .

உத்தரவு வந்தது. முதல் தேதியிலிருந்து வார்டில் இருக்கிறேன். ஒன்பது நோயாளிகள், ஆறு சிலிண்டர். காலையில் போனை எடுத்தவர் வேறு யாரோ. நன்றாகத்தான் பேசினார், என்னிடம் வரிசை எண் கேட்டார்.

அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். உன் நகலைக் கொடுத்தேன். அவர் மனைவி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க தம்பிய அவரு ரொம்பச் சொல்லிட்டே இருப்பாரு" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சமையற்காரரை நான் போக விடாமல் தடுத்ததையும் சொன்னேன். வாசல் வரை வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபம் வரட்டும் என்று நானும் காத்திருக்கிறேன். வந்தால் நன்றாக இருக்கும், ஏதாவது ஒன்று வந்தால் நன்றாக இருக்கும். வைப்பரை நானே மாட்டினேன். மாட்டிவிட்டு டிரைவர் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் அடித்தது.

நீ கேட்டது சரி. செப்டம்பருக்குப் பிறகு நான் எழுதிய நலம் ஒன்றும் அன்றன்றைக்குப் பார்த்து எழுதியதில்லை. அதனால் இந்த முறை எழுதவில்லை. மேலே முதல் வரியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அம்மா கேட்டால் நலம் என்று சொல்லிவிடாதே. வேறு எதையும் போட்டு நிரப்பாதே.

இதை முதல் நாள் என்று வைத்துக்கொள். நாளைக்கும் எழுத மாட்டேன். அதற்கு அடுத்த நாள் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். முகம் இருக்கிறதோ இல்லையோ, வா. ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன்.

அக்கா